எழுந்து பாடிய ராக்ஸான்

ராப் பாடகி ராக்ஸான் ஷான்டேயின் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். தெருச்சண்டைக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மைக்கைப் பறித்துக்கொண்டதுபோல. பிள்ளைதான். 1984இல் ‘ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்’ என்ற பாட்டு பதிவானபோது அவளுக்கு 14 வயது. நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில், துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தவளை இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். எழுதிவைத்த வரி ஒன்றும் கிடையாது. வாயில் வந்ததை ஒரே மூச்சில் பாடிவிட்டுத் துணியைப் பார்க்கப் போய்விட்டாள்.

யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு, தங்களுக்கு மசியாத ராக்ஸான் என்ற பெண்ணைப் பற்றிப் பாடியிருந்தது. ஷான்டே அந்த ராக்ஸானாகவே நின்று பதில் சொன்னாள். அதற்கொரு பதில், பதிலுக்கொரு பதில் என்று இசைத்தட்டுகள் வந்து குவிந்தன.

இந்தப் பதிலடிப் பாட்டுகளை நினைத்தால் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணி என்ற பாட்டு வாதம் ஞாபகம் வந்துவிடும். காமன் பண்டிகைக்கு, சிவன் மன்மதனை எரித்துவிட்டார் என்கிற எரிந்த கட்சியும், இல்லை என்கிற எரியாத கட்சியும் விடிய விடிய மோதும். மன்மதன் எரியவில்லை என்று அவன் மனைவி ரதிக்காக வாதாடியவர்களும், நான் கேட்டவரையில், ஆண்கள்தான். ரதியே எழுந்து பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஷான்டே செய்தது அதைத்தான்.

அந்தப் பதிவுக்கு மறு வருடம், நியூ மியூசிக் செமினார் என்ற இசை மாநாட்டில் ராப் போட்டி. ஆண்களை வரிசையாகச் சாய்த்து இறுதிச் சுற்றுவரை வந்தாள். எதிரே ராப்பர் பிஸி பீ. நடுவர்களில் ஒருவரான ராப்பர் கர்ட்டிஸ் ப்ளோ குறைந்த மதிப்பெண் போட, வெற்றி கைநழுவியது. ஒரு சிறுமி ஜெயித்தால் ஹிப் ஹாப்பை யார் மதிப்பார்கள் என்பதுதான் காரணம் என்று ஷான்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு அந்தக் கீச்சுக்குரலைக் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1989இல் ‘பேட் சிஸ்டர்’, 1992இல் இன்னொரு ஆல்பம். அதோடு பெரும்பாலும் ஒதுங்கிவிட்டார். இசை நிறுவனத்தின் செலவில் அவர் டாக்டர் பட்டம் வாங்கியதாக ஒரு கதை உலவியது, உண்மையில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. அந்த ஒரே மூச்சுப் பதிவு போதும்.

2025இல் கிராமி வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. தனித்துப் பாடும் பெண் ராப்பர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. நாற்பது வருடத் தாமதம் என்றே சொல்வேன்.