நீர்வேலி ஒழுங்கையில் துவிச்சக்கர வண்டி

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்பவற்றைக் கடந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சென்றால் நீர்வேலியை அடையலாம். நாம் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றோம். செம்மண் தோட்டங்களில் வாழைகள் குலை தள்ளி நின்றன. பெருவீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால், இருபுறமும் வேலி, ஒரு வளைவு, மீண்டும் வேலி. எதிரே புல்லுக்கட்டுடன் ஒருவர் வந்தால் நாம் இறங்கி ஒதுங்கவேண்டும்.

இத்தகைய ஒழுங்கைகளிற் பொலிஸ் ஜீப் எங்ஙனம் காவல் புரியும்? தேநீர்க் கடையிலிருந்த பெரியவர் ஒருவரை வினவினோம்.

"ஜீப் வாற சத்தம் கோப்பாயிலேயே கேட்கும், தம்பி. கள்ளனுக்கு மட்டும் காது கேளாதோ?" என்றார்.

சத்தமின்றிச் செல்லும் காவல் புதிதன்று. 1895இல், தியோடர் ரூஸ்வெல்ட் நியூயோர்க் பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவராயிருந்தபோது துவிச்சக்கர வண்டிப் படையொன்று அங்கே தொடங்கப்பெற்றது. மிரண்டோடிய குதிரைகளைக்கூட அப்படையினர் துரத்திப் பிடித்தனர். பின்னர் மோட்டார் வாகனம் வந்தது. சைக்கிள் மூலைக்குப் போயிற்று. 1987இல் சியாற்றில் நகரப் பொலிஸார், நெரிசலிற் கார்கள் திணறுவதைக் கண்டு மீண்டும் சைக்கிளில் ஏறினர்.

சைக்கிள் ஓடத் தெரிந்தவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். வேகமாக ஓடுதல் எளிது. நடப்பவரின் வேகத்தில், கால் நிலத்திற் படாமல் ஓடுதலே கடினம். பயிற்சியில் கூம்புகளை நெருக்கமாக நட்டு அவற்றிடையே வளைந்து செல்லப் பழக்குவர். ஒடுங்கிய இடத்திற் திரும்புதல், படிகளில் இறங்குதல், உடற் பாரத்தைப் பின்னே சாய்த்துச் சடுதியாகப் பிறேக் பிடித்தல், ஓடும்போதே இறங்கி நிற்றல் யாவும் கற்பிப்பர்.

யாழ்ப்பாணத்தாருக்கோ இவற்றுட் பல கைவந்தவை. 1990இற்குப் பிந்திய தடைக்காலத்திற் பெற்றோல் அரிதாயிருந்தபோது நோயாளியையும் விறகையும் வாழைக்குலையையும் சைக்கிளே சுமந்தது. அதன் டைனமோவிலே வானொலியும் பாடிற்று. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் இலங்கை முழுவதும் சைக்கிளைத் தேடியது.

ஆனால், வண்டியோட்டக் கற்பித்தால் மட்டும் போதாது. ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். சைக்கிளிற் போகிறவரிடம் ஊர் பேசும். வடக்கிற் கடமையாற்றும் பொலிஸாருட் தமிழறிந்தோர் போதாமை நெடுநாட் குறை. கூம்புகளோடு தமிழையும் பயிற்சித் திடலுக்குக் கொண்டுவரவேண்டும் என்பது எமது கருத்து.

திரும்பும் வழியில் நாமும் மெல்ல ஓட்டிப் பார்த்தோம். சிறிது தூரத்திலேயே கால் நிலத்தில் ஊன்றிவிட்டது. படலையில் நின்ற சிறுமி சிரித்தாள்.

"ஆரிட்டைப் போறியள்?" என்று கேட்டாள்.

மறுமொழி சொல்லிவிட்டே அப்பாற் சென்றோம்.