இருபத்தாறு கம்பும் அம்மாவும்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. முதல்ல தீசிஸ், அப்புறம் பட்டமளிப்பு விழா, அதுக்காக ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மான்னு ஏகப்பட்ட ஆணி. 2025 ஜூன்ல வந்து அஞ்சு வாரம் இருந்துட்டுப் போனாங்க. நயாகரா, சிஎன் டவர் (அம்மா: "மேல ஏறிப் பாக்கவா இம்புட்டுக் காசு?") கதையெல்லாம் எல்லாரும் எழுதி முடிச்சாச்சு. நான் எழுத வந்தது ரூஜ் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, ரூஜ்ல அம்மா நடந்ததைப் பத்தி.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க வீட்டுல காலண்டர் எல்லாம் பேருக்குத்தான். வருஷக் கணக்கு கம்புலதான். அப்பா கோயமுத்தூர்க்காரர், ஒரு நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1994லேர்ந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம் விடாம வெள்ளியங்கிரி ஏறியிருக்கார். மொத்தம் இருபத்தாறு தடவை. கோவைப் பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்கு: பூண்டி அடிவாரத்துலேர்ந்து ஏழு மலை. பிப்ரவரியிலேர்ந்து மே வரைக்கும்தான் ஏற விடுவாங்க. பெரும்பாலும் ராத்திரியில கிளம்பி விடியறப்போ உச்சியில இருக்கற மாதிரி போவாங்க. அடிவாரத்துலயே மூங்கில் கம்பு விக்கும். ஏறும்போது அது சும்மா துணைக்கு. இறங்கும்போது அது இல்லைன்னா முட்டி கழண்டுரும். அப்பா ஒவ்வொரு வருஷக் கம்பையும் வீட்டுக்குக் கொண்டு வந்து, கத்தியால வருஷத்தைக் கீறி, ஸ்டோர் ரூம் மூலையில நிறுத்தி வெச்சிருவார். ஒண்ணு தொரட்டி ஆச்சு, ரெண்டு துணி காயப்போடற கொடிக்குப் போச்சு. மிச்சமெல்லாம் இன்னும் அங்கதான் நிக்குது.

குடும்பத்துல எது நடந்தாலும் அம்மா அந்தக் கம்பை வெச்சுத்தான் சொல்லுவாங்க. கல்யாணம் நாலாவது கம்பு. அண்ணன் அஞ்சாவது. நான் எட்டாவது. வீடு கட்டினது பதிமூணு. பாட்டி போனது பதினெட்டு. நான் பொறந்த ஏப்ரல் மாச ராத்திரி அப்பா மலை மேல ஆண்டி சுனையில குளிச்சிட்டிருந்தாராம். செல்போன் இல்லாத காலம். மறுநாள் விபூதிப் பொட்டலத்தோட வந்து வீட்டுப் பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுல கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கார். "கையில கம்போட வந்து நின்னாரு, நர்ஸம்மா உள்ள விடமாட்டேன்னுட்டா." அம்மா இதை நூறு தடவை சொல்லியிருப்பாங்க. நூறு தடவையும் சிரிச்சிட்டேதான்.

அம்மா ஒரு தடவை கூட ஏறினதில்லை. வயசுக்கு வந்த பொம்பளைங்க மேல போறதில்லைங்கறது அங்க வழக்கம். எட்டு வயசுல, 2009ல, நான் கூட போயிருக்கேன் (மூணு மலை நடந்து, மிச்சம் அப்பா தோள்ல தூங்கி). அம்மாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே வேலை. முந்தின நாள் புளிச்சோறு கிளறி வாழையிலையில கட்டித் தர்றது. அப்புறம் வாசலைப் பாத்துட்டு நிக்கறது.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க வீட்டுல மலைக்காரி அம்மாதான். பொறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம். மொட்டைமாடியில ஏறினா மேக்கால பொதிகை. தலை சீவறது, பாடம் படிக்கறது எல்லாம் அந்த மலையைப் பாத்துட்டேதான். ஆனா பாபநாசம் போய் அகத்தியர் அருவியில குளிச்சிட்டுத் திரும்பறதோட சரி. 2018 கடைசியில கேரள உயர் நீதிமன்றம் அகத்தியர்கூடத்துல பெண்களும் ஏறலாம்னு சொல்லுச்சு. 2019 ஜனவரியில தன்யா சனல்ங்கறவங்க முதல் ஆளா ஏறினாங்க. 1868 மீட்டர். அந்தப் பேப்பர் செய்தியை அம்மா கத்தரிச்சு ரேஷன் கார்டு கவருக்குள்ள வெச்சிருந்தது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். ஏன்மா வெச்சிருக்கேன்னு கேட்டதுக்கு, "சும்மாதாம்ட்டி"ன்னாங்க.

2020ல ஊரடங்கு. 2022ல அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சாங்க. டாக்டர் சமதளத்துல எவ்வளவு வேணா நடங்க, மலை மட்டும் வேண்டாம்னுட்டார். இருபத்தேழாவது கம்பு இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்பா அதைப் பத்திப் பேசவே மாட்டார். பங்குனி வந்தா மட்டும் ஒரு வாரம் யார்கிட்டயும் சரியாப் பேசமாட்டார்.

இப்ப ரூஜ்.

நான் இருக்கறது மால்வர்ன் பக்கம், ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி வீட்டு பேஸ்மென்ட்ல. அங்கேர்ந்து கொஞ்சம் கிழக்கால போனா ரூஜ் பள்ளத்தாக்கு. பிரெஞ்சுல ரூஜ்னா சிவப்பு. ஆத்தங்கரை மண்ணு செவப்பா இருக்கறதால வந்த பேர். 2015லேர்ந்து இது தேசிய நகர்ப்புறப் பூங்கா, கனடாவுல இந்த வகையில முதல் பூங்கா. கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீட்டர், ஒண்டாரியோ ஏரி வரைக்கும் நீளுது. டிக்கெட் கிடையாது, அதுல அம்மாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

கிளம்பறப்போ அன்ரி வாசல்ல நின்னு ஒரே எச்சரிக்கை. "காட்டுக்குள்ள உண்ணி இருக்கு பிள்ளை. அம்மாட காற்சட்டையைச் சொக்ஸுக்குள்ள விடச் சொல்லுங்கோ. வந்த உடன குளிக்க வேணும்." விளையாட்டில்லை, இங்க கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைக் கொண்டு வரும். எங்கம்மா வாழ்க்கையில முதல் தடவையா சுடிதார் பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு, என் பழைய ஷூவையும் மாட்டிட்டு வந்து நின்னாங்க. அப்பா பாத்துட்டு, "ஏம்புள்ள, மில்லு வாட்ச்மேன் மாதிரி இருக்கியே"ன்னார். :-)

முதல் நாள் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்துல விஸ்டா பாதை. ஒண்ணரை கிலோமீட்டர்தான், பெரிய ஏத்தம் இல்லை. பாதி வழியில பள்ளத்தாக்கைப் பாக்க மரமேடை ஒண்ணு போட்டிருக்காங்க. அப்பா அங்க உக்காந்தவர் எழுந்திருக்கல. கீழ ஒரே பச்சை. "ஏறி வந்து பாக்கறதுக்கும் கார்ல வந்து பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு கண்ணு"ன்னு மட்டும் சொன்னார். அவரைப் பேச வைக்க நான் பிக்கரிங் கதையை எடுத்து விட்டேன். 1972ல விமான நிலையம் கட்டறோம்னு இந்தப் பக்கம் விவசாயிங்க நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் ஓடுபாதை வரல. கடைசியா 2025 ஜனவரியில, அப்ப போக்குவரத்து அமைச்சரா இருந்த அனிதா ஆனந்த், விமான நிலையம் கிடையாது, நிலத்துல ஒரு பகுதியைப் பூங்காவோட சேர்க்கப் போறோம்னு அறிவிச்சாங்க. அவங்க அப்பா தமிழ்நாட்டுக்காரர்னு சொன்னதும் எங்கப்பா நிமிர்ந்து உக்காந்தார். நிலம் குடுத்தவங்க என்ன ஆனாங்கன்னு அம்மா கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை.

திரும்பும்போது ஆமைக் கதையும் சொன்னேன். பிளாண்டிங் ஆமைன்னு ஒண்ணு, மஞ்சக் கழுத்து, எண்பது வயசு வரைக்கும் வாழும். ரூஜ்ல அது கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. 2014லேர்ந்து மிருகக்காட்சி சாலையில குஞ்சுகளை ரெண்டு வருஷம் வளர்த்து, கொஞ்சம் ஓடு கெட்டியானதும் இங்க ஈரநிலத்துல கொண்டு வந்து விடறாங்க. "விட்டப்புறம் யாரு பாத்துப்பா?" அப்பா கேட்டார். யாரும் இல்லப்பா, அதுவேதான். அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க.

ஏன்னா அதுல விஷயம் இருக்கு. எனக்கு இங்க வேலை கிடைச்சாச்சு. படிப்பு முடிச்சதுக்கு மூணு வருஷ வேலை அனுமதி உண்டு. அம்மாவுக்கு ஏப்ரல்லயே தெரியும். அப்பா நினைச்சிட்டிருந்தது, பட்டம் வாங்கினதும் மூணு பேரும் சேர்ந்து ஊருக்குப் போறோம்னு. நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதேன்னு அம்மா உத்தரவு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாஸ்ட் பாதை. கிங்ஸ்டன் ரோடு பக்கம் கிளென் ரூஜ் முகாம்லேர்ந்து ஆரம்பிக்கும். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல் பாய்மரத்துக்காக உயரமான வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துட்டுப் போன வழி, அதான் அந்தப் பேர். ஆரம்பத்துலயே படிக்கட்டு, அப்புறம் ஒரு முகடு. அப்பாவுக்கு அது சரிப்படாது. ஆத்தோரம் மர பெஞ்சுல உக்காந்துக்கறேன்னார். அம்மா பையிலேர்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் மடியில வெச்சாங்க. புளிச்சோறு, அலுமினியத் தாள்ல. "நாங்க வர வரைக்கும் பசிச்சா சாப்பிடுங்க." சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம ஏற ஆரம்பிச்சிட்டாங்க.

என்ன வேகம்ங்கறீங்க! நான் பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஓடறேன். 401ல வண்டி போற இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி, மேல போனதும் கொசு சத்தம் மட்டும்தான். முகட்டுல ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல பாதை. அம்மா நின்னாங்க. அழுவாங்களோன்னு பயந்தேன். அதெல்லாம் இல்லை. "இவ்வளவுதானாட்டி? இதுக்கா உங்கப்பா வருஷா வருஷம் அம்புட்டு பில்டப்பு குடுத்தாரு?"ன்னாங்க. வெள்ளியங்கிரிக்கும் ரெண்டரை கிலோமீட்டர் மாஸ்ட் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் நடந்துட்டே ஒவ்வொரு கம்பா எடுத்தாங்க. இந்தத் தடவை அவங்க பக்கத்துக் கணக்கு. பதினொண்ணாவது கம்புக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, ராத்திரி பூரா வேப்பிலையால தடவிட்டு உக்காந்திருந்தாங்க. பதினாறுல நானும் மலையில, வீட்டுல யாருமே இல்லாத ஒரே ராத்திரி, தூக்கமே வரல. இருபத்திரெண்டுல அண்ணன் பிளஸ் டூ பரீட்சை, காலையில மூணு மணிக்கு டீ. கதைன்னு எதையும் இழுக்கல, புகாராவும் சொல்லல. மளிகைக் கணக்கு படிக்கற மாதிரி ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே வந்தாங்க. நான் கேட்டுட்டே நடந்தேன். ஒரு இடத்துல கீழ கிடந்த காஞ்ச கிளையை எடுத்து ஊனிக்கிட்டாங்க. அங்க நின்னு அந்தப் பேப்பர் கட்டிங்கை ஞாபகப்படுத்தினேன். "அகத்தியர்கூடம் நமக்கு வேண்டாம்ட்டி. எனக்கு அம்பத்தஞ்சாகப் போவுது"ன்னாங்க. கொஞ்ச தூரம் போய், "மருதமலைக்கு ஆட்டோ வேண்டாம்னு படியில போலாம், என்ன?"ன்னாங்க.

இறங்கி வந்தப்போ அப்பா பெஞ்சுல இல்லை. படிக்கட்டு ஆரம்பிக்கற இடத்துல நின்னு மேலயே பாத்துட்டிருந்தார். பொட்டலம் பிரிக்கவே இல்லை. "ரெண்டு மணி நேரம்! போன் போட்டா எடுக்கறதில்லை. என்ன ஏதுன்னு நான் நினைக்கறது?"ன்னார்.

அம்மா அங்கேயே, நின்ன வாக்குலயே சொல்லிட்டாங்க. "அவ இங்க மூணு வருசம் இருக்கப் போறா. வேலை கிடைச்சிருக்கு."

அப்பா என்னைப் பாத்தார், அம்மாவைப் பாத்தார். எதோ சொல்ல வாயெடுத்தார்.

"இத்தனை வருசம் வாசல்ல நின்னேன். எப்ப வருவீகன்னு பாத்துட்டு நின்னேனே தவிர, போகாதீகன்னு ஒரு நாளாவது சொன்னேனா?"

அப்பா ஒண்ணும் பேசல. பெஞ்சுல போய் உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சார். மூணு பேரும் அதுலேர்ந்தே எடுத்துச் சாப்பிட்டோம். பாதி சாப்பாட்டுல, "சம்பளம் எவ்வளவு கண்ணு?"ன்னார். சொன்னேன். டாலரை ரூபாயா மாத்திக் கணக்குப் போட்டுட்டே மிச்சத்தையும் சாப்பிட்டார். சம்மதமா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

கிளம்பும்போது அம்மா கையில இருந்த கிளையைக் கேட்டார். 2025ன்னு கீறி ஊருக்கு எடுத்துட்டுப் போகணுமாம். தேசியப் பூங்காவுலேர்ந்து ஒரு குச்சியைக் கூட எடுத்துட்டுப் போகக்கூடாதுப்பான்னு சட்டம் பேசினேன். அவர் முகம் விழுந்துருச்சு. அம்மா கிளையைப் படிக்கட்டு ஓரமா சாத்தி வெச்சிட்டு, "எனக்கெதுக்குக் கம்பு? முருங்கைக்காய் பறிக்க வீட்டுலதான் அத்தனை கிடக்கே"ன்னு நடக்க ஆரம்பிச்சிட்டாங்க.

பி.கு: ரூஜ் போறவங்க சாக்ஸ் விஷயத்தை மறக்காதீங்க. மூணு இலை சேர்ந்து வர்ற செடி எதையும் தொடாதீங்க, பாய்சன் ஐவியா இருந்தா அரிப்பு உயிரை வாங்கிடும். செப்டம்பர் கடைசியில போனா ஆத்துல எதிர்நீச்சல் போட்டு வர்ற சால்மன் மீனும் பாக்கலாம்.