கைப்பிடி

சென்ற வருஷம் மே மாதத்து இரவு ஒன்றில், ராணிப்பேட்டையில் என் அக்கா வீட்டு ஜன்னலின் கைப்பிடி அம்மாவின் கையோடு வந்துவிட்டது. மின்சாரம் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகி, இன்வெர்ட்டரும் ஓய்ந்திருந்தது. ஏ.சி. நின்றுபோனால் அந்த அறை ஒரு மூடிய பெட்டி. அம்மாவுக்கு 68 வயது, இளைப்பு உண்டு. பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் மாப்பிள்ளையின் தூக்கம் கெடுமே என்று இருட்டில் எழுந்து, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பியிருக்கிறாள். ஜன்னல் அசையவில்லை. கைப்பிடி கழுத்தோடு முறிந்தது. காலையில் அக்கா போய்ப் பார்த்தபோது அம்மா ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முறிந்த கைப்பிடியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், திருடிய சாமானை வைத்திருப்பவள் போல.

ஜன்னல்களைப் பற்றி நம் புதுக்கவிதைக்காரர்கள் போதுமான அளவுக்கு எழுதியாயிற்று. நானும் அவற்றுள் சிலவற்றை விமர்சித்திருக்கிறேன். படிமம் இறுகவில்லை, அனுபவத்தின் ஜன்னல் திறக்கவில்லை என்றெல்லாம். ஜன்னலுக்குக் கீல் எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பொதலேருக்கு மூடிய ஜன்னல்மீது ஒரு மோகம் இருந்தது. திறந்த ஜன்னலைவிட அதில்தான் பார்க்க நிறைய இருக்கிறது என்று நினைத்தார். பி.ஏ. படிக்கும்போது மொழிபெயர்ப்பில் அதைப் படித்துவிட்டு நானும் மயங்கித் திரிந்தேன். அவர் வெளியிலிருந்து பார்த்தவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ராணிப்பேட்டையில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். குளிர் தேசத்தில் உஷ்ணம் வெளியே போகாமல் இருக்க வந்த சாதனம் அது. சென்னையில் ஏ.சி.யின் குளிர்ச்சியைக் காப்பாற்றவும், ரோட்டுச் சத்தத்தைக் குறைக்கவும் போடுகிறார்கள். என் அக்கா வீட்டில் போட்டது நாற்றத்துக்காக. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு நீரில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்பும். முன்பு போல் இல்லை, சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன என்கிறார்கள், உண்மைதான். ஆனால் நெமிலியிலிருந்து அம்மா கொண்டுபோன பித்தளைக் குத்துவிளக்கு அங்கே மூன்று மாதத்தில் கறுத்துவிட்டது. அக்கா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோய்ப் பரணில் ஏற்றிவிட்டாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு தோல் கம்பெனியில் பினிஷிங் பிரிவில் இருக்கிறார். பகலெல்லாம் அதிலேயே இருந்துவிட்டு வருகிறவருக்கு ராத்திரியாவது அது இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் 2020இல் வீடு கட்டியபோது அந்த ஜன்னல்களைப் போட்டார்கள். இதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

உண்மையில் நாற்றத்தைத் தடுப்பது கண்ணாடி இல்லை, விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அரை அங்குலம் காற்று. அதன் ஓரத்தில் அலுமினியச் சட்டம். சட்டத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள். இவ்வளவும் உஷ்ணத்துக்கும் சத்தத்துக்கும் எதிரானவை. கைப்பிடியைத் திருப்பினால் ஜன்னல் கதவின் விளிம்புக்குள் இருக்கும் நீண்ட உலோகப் பட்டை நகர்கிறது. அதிலுள்ள குமிழ்கள் நிலையிலுள்ள கொக்கிகளில் ஏறி, கதவை ரப்பர்மீது அழுத்திப் பிடிக்கின்றன. இந்த அழுத்தம் இல்லையென்றால் அத்தனை விலை கொடுத்த கண்ணாடியும் வீண். அழுத்தம் கூடினாலோ கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜன்னலைப் போட்டுக்கொடுத்த கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே பூட்டு போய்விட்டது, தனியாக மாற்ற முடியாது, கதவையே புதிதாகப் போடவேண்டும், 18,000 ஆகும் என்று சொல்லிப் போய்விட்டார். 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியின் ஒவ்வொரு டேனரிக்கும் விதித்த அபராதம் 10,000 ரூபாய். அந்தத் தீர்ப்பை மாசுபடுத்தியவனே விலை தரவேண்டும் என்ற கொள்கைக்கு முன்னுதாரணமாகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். ரூபாயின் மதிப்பு அப்போது வேறு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தொகைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, தொழில் பழக்கம்.

நானும் டெலிபோனில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவைத்தேன்: "உள்ளே ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கும்." ஜன்னலைப் பார்க்காமலே. புத்தகத்தைப் படிக்காமல் மதிப்புரை எழுதுகிறவர்களை நான் எவ்வளவு கடுமையாகத் தாக்கியிருக்கிறேன் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர் மூலம் மேல்விஷாரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வளைகுடாவில் பதினோரு வருஷம் இந்த ஜன்னல், கதவு வேலைதான் செய்தவர். பாய் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்தேன். அவர் வந்தவுடன் எதையும் கழற்றவில்லை. அம்மாவைப் பார்த்து, "எவ்ளோ நாளா தொறக்கலம்மா?" என்று கேட்டார். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா, "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முறிந்த கைப்பிடியின் மீதியைக் கழற்றினார். உள்ளே ஏழு மில்லிமீட்டர் சதுரத் துளை. அதில் சதுரக் கம்பியைச் சொருகிக் குறட்டால் மெதுவாகத் திருப்பி, ரப்பர் ஒட்டியிருந்த இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து நெம்பி, கதவைத் திறந்தார். திறந்து வைத்தபடியே அதே கம்பியை மறுபடி திருப்பினார். வெண்ணெயில் திருப்பியது போலத் திரும்பியது. என்னைப் பார்த்து, "பூட்டு நல்லாருக்கு சார்" என்றார்.

அவர் விளக்கியது இவ்வளவுதான். திறந்திருக்கும்போதும் திருப்ப முடியாவிட்டால் குற்றம் பூட்டில். திறந்திருக்கும்போது சுலபமாகத் திரும்பி, மூடியிருக்கும்போது முரண்டு பிடித்தால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் கீலில். கீல் தளர்ந்தோ இறுகியோ கதவு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கிவிடும், குமிழ் கொக்கியில் நேராக ஏறாது. வீட்டுக்காரர்கள் கைப்பிடியைப் பலங்கொண்டமட்டும் திருப்புவார்கள். கைப்பிடி துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே பளபளப்புக்கு முலாம். அதுதான் முறியும். "பூட்டு போச்சுன்னு கூப்பிட்ற வூட்ல பாதிக்கு மேல கீலுதான் சார்."

பிறகு குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தை, "எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டு வாங்கி, கீலின்மீது வைத்தார். பச்சென்று பிடித்துக்கொண்டது. நல்ல கீலில் காந்தம் அநேகமாக ஒட்டாது என்றார். எவர்சில்வரில் தரம் உண்டு. நல்லதில் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் சேர்ந்திருக்கும். மலிவானதில் நிக்கல் கிடையாது. அது காந்தத்துக்குப் பிடிக்கும், இந்த ஊர்க் காற்றில் சீக்கிரம் துரு ஏறும். அக்கா வீட்டுக் கீலின் தகடுகளுக்கு நடுவே செந்நிறத் தூளும் தூசியும் கெட்டித்துக் கிடந்தன. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, மேலும் கீழும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும் என்று புதிதாக இரண்டு எடுத்தார்.

எனக்கு அந்தக் குரோமியம் என்ற வார்த்தையில் மனம் நின்றுவிட்டது. எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுப்பது அது. தோலை அழுகாமல் காப்பதும் அதன் உப்புதான். மாமாவின் சம்பளமே அதிலிருந்து வருகிறது. இதே ஊரில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், குன்றாகக் கிடந்து, மழை வந்தால் மஞ்சள் நீராகக் கசிந்ததும் அதுதான். ஒரே பொருள், காக்கும்போது ஒரு ஸ்திதி, கொல்லும்போது ஒரு ஸ்திதி. 2015 ஜனவரி 31 விடியுமுன் இங்கே ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் படுத்திருந்த இடத்துக்கு இரட்டைக் கண்ணாடி போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கீலை மாற்றிய பிறகும் கதவு ஒரு மில்லிமீட்டர் தொங்கியது. பாய் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கீல் பக்கம் கீழ் மூலையிலும், கைப்பிடிப் பக்கம் மேல் மூலையிலும், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறு பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினார். சட்டம் கண்ணாடியைத் தாங்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வளையும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சதுரமாக நிறுத்திவைப்பது கண்ணாடியின் விறைப்பு என்று அவர் காட்டினார். கதவு எழும்பிக் குமிழ் கொக்கியில் ஏறியது. புதுக் கைப்பிடி, இரண்டு கீல், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். மாதத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து மூடச் சொன்னார். தேங்காய் எண்ணெய் போடக் கூடாது, தூசி பிடிக்கும், ரப்பருக்கும் ஆகாது. சிலிகோன் தெளிப்பான் போதும் என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எங்க நெமிலி வூட்டுக் கொல்லக் கதவுக்கு வெளக்கெண்ணெதான் வைப்போம். அது கெட்டுக் கெடக்குது. அதாலதான் நான் இங்க வந்து கெடக்கறேன்."

"மரக் கதவுக்கு அது நல்லதும்மா" என்ற பாய் என் பக்கம் திரும்பி, "இன்னா ஆச்சு சார் கதவுக்கு?" என்று கேட்டார்.

சொல்லவேண்டியிருந்தது. பாலாறு இருகரையும் தொட்டு ஓடிய 2021 நவம்பர் மழையில் எங்கள் கொல்லைக் கதவு இறங்கிவிட்டது. அதற்குக் கீல் கிடையாது. பழைய பாணிக் குடுமிக் கதவு. பலகையிலேயே மேலும் கீழும் முனை விட்டு, மேல்முனை நிலையின் துளையிலும் கீழ்முனை கல்லின் குழியிலும் சுழலும். குழியில் நீர் தேங்கிக் கீழ்க்குடுமி உளுத்துப்போனது. கதவு ஒரு விரற்கடை கீழே வந்தது. தாழ்ப்பாள் துளைக்கு நேராக வரவில்லை. நாங்கள் ஆட்டுக்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தோம். பின்கதவு தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். நியாயமான பேச்சு, யாரும் மறுக்கவில்லை. அம்மா அக்கா வீட்டுக்குப் போனாள். நான் வேலூரில் வாடகை அறையும் புத்தகங்களுமாக இருந்துகொண்டேன். கதவை அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தது. ஆசாரி கிடைப்பதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எத்தனை ஆசாரிகளைத் தேடினேன் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

பாய் கேட்டுவிட்டு, "அரை நாள் வேலை சார்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அக்காவுக்கு அம்மாவின் பேச்சு சுருக்கென்றது. "வந்து கெடக்கறேன்னு சொல்ற அளவுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?" என்று சமையலறைக்குள் போனவள் சாப்பாட்டு நேரம்வரை என்னோடும் பேசவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. குறை வைத்தவன் வேறு ஆள்.

நெமிலியில் ஆசாரி இரண்டாவது தெருவிலேயே இருந்தார். என் அப்பாவைத் தெரிந்தவர். கதவைத் தூக்கி இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உளுத்த பாகத்தை அறுத்துவிட்டு, வேங்கைத் துண்டு ஒன்றை நாக்கு வைத்துச் சேர்த்தார். அதன் நுனிக்கு இரும்புப் பூண். குழியைச் சுரண்டி, அடியில் ஒரு இரும்பு வில்லை போட்டார். கதவைத் திரும்ப ஏற்றித் தாழ்ப்பாளைத் தள்ளியபோது மணி பன்னிரண்டேகால். காலை எட்டுக்கு ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவை வாலாஜா, காவேரிப்பாக்கம், பனப்பாக்கம் என்று பஸ் மாறிக் கூட்டிவந்தேன். குத்துவிளக்கையும் பரணிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டாள். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஜன்னலோரம் நின்று, "மாசத்துக்கு ஒரு தபா வரணும்" என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா நேராகக் கொல்லைக்குப் போனாள். கதவைத் திறந்தாள், மூடினாள். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள். மறுபடி திறந்தாள். முகத்தில் ஏதோ ஒரு யோசனை.

"கிறீச்சுன்னு ஒரு சத்தம் வருமே, அது இல்லியே."

ஆசாரி புதுக் குடுமிக்குத் தாராளமாக எண்ணெய் வைத்திருந்தார். அப்பா ராத்திரி கொல்லைக்குப் போனால் அந்தச் சத்தத்தில்தான் தெரியும் என்றாள். திரும்பி வரும்போது ஒரு தரம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அவள் தூங்குவாளாம்.

"வெயில்ல எண்ணெ காஞ்சா வந்துரும்மா" என்றேன்.

"இனிமே வெக்க வேணாம்" என்று சொல்லி, நான் அவளுக்காக வாங்கிவந்திருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.