காந்தலும் காயிலும்

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் காயில் கட்ட உட்கார வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சிதம்பரத்தில் "காயில் கட்டணும்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ ஒருவருடைய மோட்டார் எரிந்துவிட்டது. கோடையில் கரண்ட் குறைந்த வோல்டேஜில் வரும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் கருகும். விவசாயி அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருவார்.

அப்படித்தான் அவனும் வந்தான். பி.காம். மூன்றாம் ஆண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமம், அண்ணாமலை நகரில் மூன்று பேரோடு வாடகை அறை. அப்பா பஸ்ஸில் ஏற்றிவிட்ட மோட்டாரை இறக்கிக் கடையில் சேர்ப்பது அவன் வேலை. சேர்த்தான். ஆனால் கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"அண்ணே, காந்தல் கம்பி இருக்கா?"

கடைக்காரர் 'ஙே' என்று விழித்தார். "காந்தலா? அது அடுப்பில வச்ச சோத்துப் பானையில இருக்கும் தம்பி."

அவர் மேல் தப்பில்லை. தமிழில் காந்தல் என்றால் அடிப்பிடித்தது. அவன் கேட்டது ஸ்வீடன் நாட்டுக் காந்தல். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை உலோகம். ஹான்ஸ் வான் கான்ட்ஸோவ் என்பவர் 1920-களில் உருவாக்கியது. அவர் பெயரின் முதல் பாதியையும் அவர் ஊரான ஹால்ஸ்டஹாமரின் முன்பகுதியையும் ஒட்டவைத்த பெயர்தான் காந்தல். சூடாவதற்கென்றே செய்த உலோகத்துக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது தற்செயல்தான் :-)

"ஹீட்டர் கம்பி அண்ணே, மெலிசா" என்று விளக்கியதும் அவர் நிக்ரோம் கம்பிச் சுருளை எடுத்துப் போட்டார். நிக்ரோம் அதைவிட மூத்தது. நிக்கலும் குரோமியமும் கலந்தது. 1906-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கும் ஹீட்டர், டோஸ்டர் உள்ளே சிவக்கிற கம்பி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

"எதுக்கு?" என்று அவர் கேட்டார். "தெர்மோகோல் வெட்ட" என்று அவன் பொய் சொன்னான்.

ரேசரும் பிளேடும்

துபாயில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன வேப் ஒன்று அவனிடம் இருந்தது. சிகரெட்டை விட இது உதவும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவன் அதுவரை ஒரு நாளைக்கு ஆறு, ஏழு சிகரெட்.

அதன் அமைப்பு எளிது. பேட்டரி கம்பிச் சுருளைச் சூடாக்கும். சுருளுக்குள் இருக்கும் பஞ்சு டேங்கிலிருந்து திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் திரவம் ஆவியாகும். சுருளும் பஞ்சும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கருகிப் போகும். ரெடிமேட் காயில் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கம்பெனிக்கு லாபம் டேங்கில் இல்லை, அந்தக் காயிலில்தான். ரேசரை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் சம்பாதிப்பது, பிரிண்டரை மலிவாகக் கொடுத்து இங்கில் சம்பாதிப்பது என்று வகுப்பில் படித்த அதே கதை.

இதை உடைக்க வந்ததுதான் திரும்பக் கட்டக்கூடிய டேங்க். அதற்குள் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருக்கும். கம்பியை நீங்களே சுற்றி, இரண்டு கால்களையும் ஸ்க்ரூவில் முடுக்கி, நடுவில் பஞ்சை நுழைக்க வேண்டியதுதான். ஒரு ரெடிமேட் காயிலின் விலைக்கு ஏறக்குறைய ஒரு சுருள் கம்பியே வாங்கிவிடலாம். அதில் பல டஜன் காயில் கட்டலாம். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற பையனுக்கு இதைவிட இனிப்பான கணக்கு உண்டா?

ஓம் கணக்கு

கம்பி மெலிந்தால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். கேஜ் எண்ணோ தலைகீழ். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அமெரிக்க அளவில் 24 கேஜ் காந்தல் மீட்டருக்குச் சுமார் 7 ஓம், 26 கேஜ் 11 ஓம், 28 கேஜ் 18 ஓம்.

3 மி.மீ. கம்பியின் மேல் 26 கேஜை ஆறு சுற்று சுற்றினால் சுமார் 64 மி.மீ. செலவாகும். கால்களுக்கு 10 மி.மீ. சேர்த்தால் 74. தடை 0.8 ஓம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட் என்றால் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், 22 வாட். அதே மாதிரி இரண்டு காயிலை இணையாகப் போட்டால் தடை பாதி, ஆம்பியர் இரண்டு மடங்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஓர் ஒப்பீடு. வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பது 4.3 ஆம்பியர். விரல் நீளப் பேட்டரியிலிருந்து அதைவிட அதிகமாக இழுக்கிறது ஒரு சாதாரணக் காயில். தடை தவறுதலாக 0.1 ஓம் ஆகிவிட்டால் கணக்கு 42 ஆம்பியரில் நிற்கும். இந்த வகையில் நல்ல பேட்டரிகளே 20, 25 ஆம்பியர் வரை தாங்குவதாகத்தான் போட்டிருக்கும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத கருவியாக இருந்தால் மேற்கொண்டு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவனுடைய முதல் காயில் 0.8-க்குப் பதில் 0.5 காட்டியது. சுற்றை எண்ணினான், சரி. மீட்டரைச் சந்தேகப்பட்டான், அதுவும் சரி. அப்புறம்தான் பிடிபட்டது. மோட்டார் கடையில் 26 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவு, 0.457 மி.மீ. அவன் கணக்குப் போட்டது அமெரிக்க அளவுக்கு, 0.405 மி.மீ. போதாக்குறைக்கு நிக்ரோமின் தடை காந்தலைவிடக் குறைவு. ஒரே எண், இரண்டு கம்பி. மீட்டர் வைத்து அளக்காமல் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் விடவில்லை. நல்ல காயில் எப்படி என்று ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். பஞ்சு வைப்பதற்கு முன் மெதுவாகச் சூடாக்கினால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் சிவந்தால் ஸ்க்ரூ தளர்வு. எங்கோ ஒரு புள்ளி பளிச்சிட்டால் சுற்றில் பிசகு. பஞ்சு இறுகினால் திரவம் ஏறாது, காய்ந்த பஞ்சு கருகித் தொண்டையில் காந்தல் வாடை அடிக்கும். தளர்ந்தால் ஒழுகும். தேர்வுக்குப் படித்ததைவிட இதற்கு அவன் கொடுத்த நேரம் அதிகம். அறைக்கு வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஜூனியர் இரண்டு பேர் தங்களுக்கும் கட்டித் தரச் சொன்னார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

கணக்கில் வராதவை

தேர்வுக்கு வணிகச் சட்டம் படிக்கும்போது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 23 வந்தது. சட்டம் தடுத்த நோக்கத்துக்காகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. உதாரணம் யோசித்தபோது கண் மேசையில் கிடந்த டேங்கின் மேல் போனது.

தமிழக அரசு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்ததை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அவன் சட்டத்தை இறக்கிப் படித்தான். 'தயாரிப்பு' என்பதற்கான விளக்கத்தில் நின்றுவிட்டான். இ-சிகரெட்டை மட்டுமல்ல, அதன் எந்த ஒரு பாகத்தையும் செய்வது, பொருத்துவது என்று இருக்கிறது. எந்த ஒரு பாகத்தையும்! ஜூனியருக்குக் கட்டிக் கொடுத்த ஆறு சுற்றுக் கம்பி?

அந்தக் கம்பி குற்றமில்லை. அதே கம்பி ஹீட்டரில் இருந்தால் வீட்டுச் சாமான். டேங்குக்குள் போனால்தான் 'பாகம்'. சீனியர் அன்பாகக் கொண்டுவந்தாலும் இறக்குமதி இறக்குமதிதான். பேட்டரி போலியாக இருந்தாலும் பில் கிடையாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது, நுகர்வோர் நீதிமன்றத்தில் போய் என்னவென்று சொல்வது?

கோபமும் வந்தது. டீக்கடையில் சிகரெட் தாராளமாகக் கிடைக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தும் பல ஊர்களில் நிலைமை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்திலோ சிகரெட்டை விடுகிறவர்களுக்கு அரசே வேப் கொடுக்கும் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் நியாயமானது என்பதால் நுரையீரலுக்குள் போகிற பொருள் நல்லதாகிவிடாது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேருடைய கருவிகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாட்டிலில் இருந்த திரவத்தில் குறைவாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் போன்ற உலோகங்கள், காயிலைத் தொட்டு வந்த ஆவியில் கூடுதலாக இருந்தன. அவனை உலுக்கியது அடுத்த விஷயம். காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் ஆவியில் உலோகம் அதிகமாக இருக்கும் போக்கு தெரிந்தது.

அவன் வாரத்துக்கு இரண்டு காயில் கட்டிக்கொண்டிருந்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று!

2019-20-ல் அமெரிக்காவில் வேப்பினால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது கஞ்சாத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். சாதாரணத் திரவம் இல்லைதான். ஆனால் பில்லும் முத்திரையும் இல்லாமல் கைமாறி வரும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த ஓம் மீட்டர் காட்டும்?

ஓம், வாட், ஆம்பியர், ரூபாய் எல்லாவற்றுக்கும் அவனிடம் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததாலேயே எல்லாம் தன் கையில் இருப்பதாக நினைத்தான். நிக்கோட்டின் மட்டும் எந்த நோட்டிலும் ஏறவில்லை. சிகரெட் ஆறு, ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது உண்மை. வேப்பை ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுத்தான் என்று அவன் எண்ணியதே இல்லை.

மோட்டார் கடையில் மறுபடியும்

பத்து நாள் கழித்து மோட்டாரை எடுக்கப் போனான். ஸ்டேட்டருக்குள் புதுச் செம்புக் கம்பி, வார்னிஷ் காய்ந்து மினுமினுத்தது.

"தெர்மோகோல் வெட்டினியா தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. அவர் மோட்டாரைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நாங்க காயில் கட்டுறது சூடாவக் கூடாதுன்னு. சூடானா எரிஞ்சிடும், தண்ணி வராது. நீ சூடாவணும்னே கட்டுற. பாத்துக்க." அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது போல.

மோட்டாருக்கு அப்பா கொடுத்தனுப்பிய பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவன் கை கொஞ்சம் கூசியது.

ஜூனியர்களுக்குக் கட்டிக் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினான். டேங்கைப் பிரித்துப் போட்டுவிட்டான். மீதிக் கம்பியை ஒரு மர வில்லில் இழுத்துக் கட்டி, டிபார்ட்மென்ட் விழாவுக்குத் தெர்மோகோல் எழுத்து வெட்டினான். சொன்ன பொய் ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

சிகரெட்டை விட்டானா என்றால், இன்னும் இல்லை. இரண்டு மறுபடி நான்காகியிருக்கிறது. ஆனால் இப்போது ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுகிறான், தேதி போட்டு.

பி.கு.: சிகரெட் பாக்கெட்டின் மேலேயே ஓர் இலவச எண் இருக்கிறது, 1800-11-2356. புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய உதவி எண். பாக்கெட்டைத் தினமும் பார்க்கிறவர்கள் அதிகம் பார்க்காத இடம் அதுதான்.