சாரலும் அருவியும்

அரபி இலக்கணம் பயில வரும் மாணவர்களுக்கு ‘ஜம்உ’ என்னும் பன்மையைக் கற்பிப்பது எளிது. ‘இஸ்முல் ஜம்உ’ என்னும் கூட்டுப்பெயரைக் கற்பிப்பதே கடினம். ‘கௌம்’ என்றால் மக்கள் கூட்டம். அச்சொல்லை எப்படிப் பிரித்தாலும் ‘கௌமன்’ என்று ஒருவன் கிடைக்கமாட்டான். பலர் கூடிய பின்னரே பிறக்கும் பெயர் அது. தென்காசியில் நெடுங்காலமாக இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அணுக்கருவின் உள்ளேயும் இப்படியொரு கூட்டுநிலை உண்டு என்பதை, பௌதிகத்தில் முதுகலை முடித்த என் தமக்கை மகள்தான் இவ்வாண்டுச் சாரல் காலத்தில் எனக்கு விளக்கினாள்.

தங்கம், ஈயம் முதலியவற்றின் அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எதிரெதிரே செலுத்தி மோதவிடுகிறார்கள். தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. மோதிய கணத்தில் ஏறத்தாழ 4 லட்சம் கோடி டிகிரி வெப்பம் எழுகிறது. சூரியனின் நடுவிடத்து வெப்பத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு! அவ்வெப்பத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகிப்போக, அவற்றுள் அடைபட்டிருந்த குவார்க்குகளும் குளுவான்களும் விடுபடுகின்றன. பிரபஞ்சம் தோன்றிய முதற் சில மைக்ரோ நொடிகளில் இருந்த பொருள் இதுவே என்பர். விடுபட்டவை வாயுவைப்போல் தத்தம் வழியே பறக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் 2005இல் அறிவித்ததோ வேறு. அது திரவம், உள்ளுராய்வு ஏறக்குறைய இல்லாமலே ஓடும் திரவம்.

“கண்ணால் காண்பதற்கு முன்பே மறைந்துவிடுகிற ஒன்றை, ஓடியது என்று எப்படியம்மா சொல்கிறார்கள்?” என்று கேட்டேன். அப்போது ஐந்தருவிக்கு எதிரே நின்றிருந்தோம்.

“மாமா, இந்தச் சாரலைப் பாருங்கள். துளிகள் தனித்தனியே வந்து விழுகின்றன. மேலே பாறை எப்படி இருக்கிறது என்பது இவற்றுக்குத் தெரியாது. அருவியோ ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. கீழே நின்றபடியே பாறையின் அமைப்பைச் சொல்லிவிடலாம்” என்றாள்.

இரு கருக்கள் நேருக்கு நேராக அன்றிச் சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவில் அமையும். துகள்கள் தனித்தனியே பறப்பவையானால் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறியிருக்கும். பருப்பின் வடிவம் சுவடின்றி மறைந்திருக்கும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு ஓடினால், அழுத்தம் விரைந்து குறையும் குறுகிய பக்கங்களில் மிகுதியாகப் பீறிடும். அவ்வாறே பீறிடுகின்றன. அத்திரவம் தேனைப்போல் குழைவாக இருந்தால் இவ்வேறுபாடு மழுங்கிப்போகும். மழுங்கவில்லை என்பதுதான் வியப்பு.

இத்துறையில் நம் நாட்டவர் வெறும் பார்வையாளர் அல்லர். கல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையத்தில் பிகாஷ் சின்ஹா (1945–2023) ஊக்கி வளர்த்த குழுவினர், சண்டிகர், ஜம்மு, ஜெய்ப்பூர், புவனேஸ்வரம் ஆய்வாளர்களோடு சேர்ந்து, மோதலில் தெறிக்கும் ஒளித்துகள்களை எண்ணும் கருவியைச் செய்தனர். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கந்தகக் கருக்களைத் தங்கத்தின்மேல் மோதவிட்ட சோதனையில், திசைக்குத் திசை காணப்பட்ட ஏற்றத்தாழ்வு 1997இல் வெளியாயிற்று. அதைக் காட்டியது அக்கருவியே. பிற்காலத்தில் தேன்கூடுபோல் அறுகோணச் சிற்றறைகள் கொண்டு செய்த கருவிகள் புரூக்ஹேவனுக்கும் செர்னுக்கும் சென்றன.

அந்தக் கல்கத்தாவுக்கு ஆராய்ச்சி செய்யப் போகவேண்டும் என்கிறாள் பெண். மச்சானுக்கு மனமில்லை. “வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்ப் படித்து ஊருக்கு என்ன ஆகப்போகிறது?” என்று என்னிடம் முறையிட்டார். குடும்பத்து ஆலிம் என்ற முறையில் நான் தடுத்துச் சொல்வேன் என்று நினைத்தார் போலும்.

“நான் ஓதுவதற்கு வேலூர் போனபோது எனக்கு வயது பதினான்கு. உங்கள் மாமனார் பயன் கேட்டா அனுப்பினார், மச்சான்?” என்றேன்.

“நீங்கள் ஆண்பிள்ளை.”

“அவளுக்கு வயது இருபத்துமூன்று.”

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, அங்கே பெண்களுக்குத் தனி விடுதி உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.