பொதிகையில் ஒரு சுவரில்லா அணை



நெல்லைச் சீமையில் பிறந்தோர்க்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் மூன்று உண்டு. பாபநாசம் அணை 143 அடி. சேர்வலாறு 156 அடி. மணிமுத்தாறு 118 அடி. மழைக்காலம் பிறந்துவிட்டால், காலையில் நாளிதழைப் பிரித்ததும் நம் கண்கள் தேடுவது இவ்வணைகளின் நீர்மட்டத்தையே. ஆனால், இம்மூன்றுக்கும் மேலே நான்காவது அணையொன்று இருக்கிறது. அதற்குச் சுவரில்லை, மதகில்லை. அதன் நீர்மட்டத்தை எந்த நாளிதழும் வெளியிடுவதில்லை. அதனைக் கண்டுவர விக்கிரமசிங்கபுரம் வரை செல்வோம், வாருங்கள்!

ஆற்றை எதிர்த்து ஒரு பயணம்

மேலப்பாளையத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால், தாமிரபரணியின் ஓட்டத்திற்கு எதிர்த்திசையில் செல்கிறோம். வழியில் பத்தமடை. நம் சமுதாயப் பெண்மணிகளின் கைவண்ணத்தால் உலகறிந்த ஊர் அது. ஆற்றங்கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, நுண்ணிய இழைகளாகக் கிழித்து நெய்தால்தான் பட்டுப்பாய்க்கு அந்த மென்மை வாய்க்கும். ஆறு கெட்டால் அந்தக் கலையும் கெடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகியவற்றைக் கடந்ததும், பொதிகையின் மடியில் விக்கிரமசிங்கபுரம் நம்மை வரவேற்கிறது. சிவஞான முனிவர் பிறந்த ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள், மலையிலிருந்து விழும் நீரின் விசையைக் கொண்டே இங்கு நூற்பாலையை இயக்கினர். வயலுக்கு மட்டுமன்றி ஆலைத் தொழிலாளியின் அடுப்புக்கும் சோறிட்டது இந்த ஆறுதான். அண்ணாந்து பார்த்தால் முகில் தவழும் மலைகள். அவற்றுள் உயர்ந்த அகத்தியர் முடி 1,868 மீட்டர் உயரமுடையது.

அந்த மலைக்காடுதான் நான் கூறிய நான்காவது அணை!

காடு நீரைக் காக்கும் விதம்

மொட்டைப் பாறைமீது பெய்யும் மழை சில மணி நேரத்தில் ஓடி மறையும். சோலைக்காட்டிலோ இலைக்கூரை முதலில் மழையின் வேகத்தைத் தணிக்கிறது. துளிகள் கிளைவழியாகவும் தண்டுவழியாகவும் மெல்ல இறங்குகின்றன. உதிர்ந்த சருகுகள் பஞ்சுபோல் அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. வேர்கள் துளைத்த மண்ணுக்குள் இறங்கிய நீர், மழை ஓய்ந்த பின்னரும் ஊற்றாகக் கசிந்து ஓடைகளை நிரப்புகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெற்று, அவற்றைச் சேமித்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் கருவூலமாக அல்லாஹ் இக்காட்டை அமைத்திருக்கிறான்.

இதன் அருமை கருதியே 1988-ல் களக்காடு - முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. புலி வாழ்ந்தால் காடு வாழும். காடு வாழ்ந்தால் நம் வீட்டுக் குழாயில் நீர் வரும். தொடர்பு இவ்வளவுதான்.

மரத்தின் உச்சியில் ஓர் ஆராய்ச்சி

காட்டைக் காப்பதாயின் முதலில் அதனை அறிந்தாக வேண்டும். அப்பணியைச் செய்துவரும் இலாப நோக்கற்ற நிறுவனங்களுள் ஒன்று, 'ஏட்ரீ' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அசோகா அறக்கட்டளை. தாவரவியல் அறிஞர் கமல்ஜித் பாவா அவர்களால் 1996-ல் நிறுவப்பெற்ற இதன் தலைமையகம் பெங்களூரில் உள்ளது.

இதன் ஆய்வாளர்களான முனைவர் கணேஷ், முனைவர் சௌபத்ரா தேவி ஆகியோர், மாஞ்சோலைக்கு மேலேயுள்ள காக்காச்சிக் காட்டில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பூவை எந்த உயிர் நாடுகிறது என்பதைத் தரையிலிருந்து அறிவது அரிது. எனவே, கயிறு கட்டி மர உச்சிக்கே ஏறினர்.

அங்கே வெடிப்பலா என்றொரு மரம் உண்டு. காட்டில் பழங்கள் அருகிவிடும் காலத்தில் இது கிளையெங்கும் பூத்து நிற்கிறது. சிங்கவால் குரங்கும் மலையணிலும் வௌவாலும் அந்தப் பூக்களை உண்டு பசியாறுகின்றன. உண்ண வரும் வௌவாலே மகரந்தத்தையும் மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. ஒரு மரத்தை வெட்டினால் எத்தனை உயிர்களின் இரணம் அற்றுப்போகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

மலையடிவாரத்தில், மணிமுத்தாற்றில், இந்நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இயங்கி வருகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் ஊர் ஊராகக் குளக்கரைகளில் நின்று நீர்ப்பறவைகளை எண்ணும் தாமிரபரணிக் கணக்கெடுப்பு 2011-ல் தொடங்கப்பெற்றது. பறவை குறைந்தால் குளம் நோயுற்றது என்று பொருள். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே இது.

காயல்பட்டினத்தில் பெய்த மழை

"பருவநிலை மாற்றமெல்லாம் அயல்நாட்டார் பேச்சு" என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணியும் கரைபுரண்டது. வீடிழந்தோர்க்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவு திறந்த நாள்கள் அவை. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல். அத்தகைய பெருமழையைக் காடு தனித்து நின்று தடுத்துவிடாது. ஆயினும் கரியைத் தன்னுள் அடக்கி வெப்பத்தைத் தணிப்பதும், மலைச்சரிவின் மண் கரைந்து அணைகளை நிரப்பாமல் காப்பதும் காடுதான்.

நம் பங்கு என்ன?

பொட்டல்புதூர் சென்று ஜியாரத் செய்துவிட்டுக் குடும்பத்தோடு பாபநாசம் அருவிக்கும் செல்வது நம்மவர் வழக்கம். இதனை எழுதும் நானும் ஒருமுறை, பிள்ளைகள் மகிழட்டும் என்று சாலையோரக் குரங்குகளுக்கு முறுக்கை வீசியவன்தான். பிரியாணிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் பையைப் பாறையிடுக்கில் விட்டு வந்தவன்தான். தீனிக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டு அகலாது; வண்டியில் அடிபட்டுச் சாகும். நான் விட்ட பை அடுத்த வெள்ளத்தில் ஆற்றோடு சென்றிருக்கும். அதே ஆற்று நீரில்தான் கீழே நம் சகோதரர்கள் ஒளூச் செய்கிறார்கள்.

ஓடும் ஆற்றின் கரையிலிருந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று போதித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ விலங்கோ உண்டாலும் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்றும் நவின்றார்கள். வெடிப்பலாவை நட்டவர் எவருமில்லை; அது இறைவனே நட்டது. அதனைக் காப்பது மட்டுமே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆகவே, அருவிக்குச் செல்கையில் கொண்டு சென்ற பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நிக்காஹ் விருந்துகளில் பிளாஸ்டிக் குவளையைத் தவிர்த்துச் சில்வர் தம்ளருக்குத் திரும்புங்கள். வீட்டுக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைத் தடுக்க ஜமாஅத்துகள் நகராட்சியிடம் வலியுறுத்தட்டும். நம் இளைஞர்கள் பறவைக் கணக்கெடுப்பில் பெயர் கொடுக்கட்டும்.

அடுத்த முறை நாளிதழில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்க்கும்போது, அந்தச் சுவரில்லா அணையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அருட்கொடையின் அருமையறிந்து பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.