என் விரல்கள் எந்தக் கட்சி?

என் அம்மா ஆழ்வார்பேட்டையில் டைப்ரைட்டிங் படித்தவர். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால் என்று எனக்கும் அதே வரிசையைப் பழக்கினார்.

டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் தமிழ்99 பார்த்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். க, ஒ தட்டினால் 'கொ' வந்துவிடும்! க-வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மாறிவிட்டேன்.

"அப்போ நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வேஸ்ட்டாடா?" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கட்டுரையைக் கீபோர்டைப் பார்க்காமலே அடித்து முடித்தேன். அந்தப் பழக்கம் அம்மா கொடுத்ததுதான். மலர் வந்ததும் முதல் பிரதி அவருக்கு!